எவ்வளவு நம்பலாம் என்று கேட்டவர்

செய்தி வந்தபோது நான் ஆய்வுக்கூடத்தில் வாழையிலை அரைத்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் அக்காவின் கணவர் சாமுவேல் அண்ணாதான் போன் செய்தார். "எஸ்தர் போயிட்டாம்மா." அரைப்பதைப் பாதியில் விட்டால் அந்த இலை சோதனைக்கு ஆகாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அரைத்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். பாதியில் விட்டு வந்தேன் என்று தெரிந்தால் அக்கா திட்டுவார்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு எஸ்தர் அக்காவைத் தெரியும். ஆனால் அவர் என்ன வேலை பார்த்தார் என்று சரியாகத் தெரிந்தவர்கள் குறைவு. தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில், நோயைக் கண்டுபிடிக்கும் சோதனைகளையே சோதிப்பது அவர் வேலை. புதிதாக ஒரு சோதனைக் கிட் வந்தால், அது நோய் உள்ளவரைக் கோட்டை விடுகிறதா, இல்லாதவரை வீணாகப் பயமுறுத்துகிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். நான் அதே வேலையை வாழைக்கன்றுகளுக்குச் செய்கிறவள். இரும்புலியூரில் ஒரே தெருவில் குடியிருந்தோம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம், அக்காவுக்கு விடாப்பிடி. நாங்கள் சிநேகிதமானதே சண்டை போட்டுத்தான்.

அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. நோய் உண்டென்றோ இல்லையென்றோ முன்பே உறுதியான ரத்தத்தை, கற்பனைப் பெயர் ஒன்றை ஒட்டி, மற்றவற்றோடு கலந்து அனுப்பிவிடுவார். சோதிக்கிறவருக்குத் தெரியக் கூடாது. அவருக்குப் பிடித்த பெயர் 'டேவிட், இரும்புலியூர்'. எங்கள் தொழிலில் ரத்தமோ இலையோ, அதை ஆளாகவே பேசுவோம். 'டேவிட்டுக்கு மோசமா இருக்கு', 'லட்சுமி நல்லா இருக்காங்க' என்போம். ஜான்சி என்ற டெக்னீஷியன், டேவிட்டுக்குத் திரும்பத் திரும்ப மஞ்சள்காமாலைக் கிருமி வருவதைப் பார்த்து மனசு தாங்காமல், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவருக்காக ஜெபிக்கச் சொல்லிவிட்டாள். "இரும்புலியூரைச் சேர்ந்த எங்கள் சகோதரர் டேவிட்" என்று பாஸ்டர் உருகிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது வரிசையில் எஸ்தர் அக்கா.

"ஐயோ, என்னக்கா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"என்ன பண்றது? ஆமென் சொன்னேன். நான் பெத்த பிள்ளைதானே அவன்."

மறுநாள், நோயாளியின் பெயரை வெளியே சொல்லலாமா என்று ஜான்சியை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, உண்மையைச் சொல்லிக் கட்டிக்கொண்டாராம். டேவிட்டின் வாழ்க்கை அன்றோடு முடிந்தது. அடுத்து, 'மீனாட்சி, கூடுவாஞ்சேரி' வந்தாள்.

என் சண்டை ஒன்றையும் சொல்ல வேண்டும். வாழை முடிக்கொத்து நோய்க்கு ஒரு புதுச் சோதனைப் பட்டை வந்தது. இலைச்சாற்றில் முக்கினால் நோய் இருந்தால் கோடு விழும். நோய் முற்றிய கன்றுகளையும் நல்ல கன்றுகளையும் வைத்துச் சோதித்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. சந்தோஷம் தாங்காமல் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏன் வாசுகி, இலையெல்லாம் உச்சியில கொத்தா முட்டிக்கிட்டு நிக்குதே, அந்தக் கன்னையும் நல்ல கன்னையும் பக்கத்துல வச்சா எங்க ஆஸ்பத்திரி வாட்ச்மேனே சொல்லிடுவாரு. அதுக்கு எதுக்கு உன் பட்டை? நோய் வந்தும் வெளிய தெரியாத கன்னு எத்தனை வச்சே?"

ஒன்றுகூட வைக்கவில்லை. "உங்களுக்கு எதையுமே நம்பத் தெரியாதாக்கா?" என்று கத்தினேன்.

"நம்பறேன்டி. எவ்வளவு நம்பலாம்னு கேக்கறேன்."

கோபத்தில் இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு, செலவு பிடிக்கிற பெரிய சோதனையில் நோய் உறுதியான, ஆனால் பார்வைக்குப் பளபளவென்றிருந்த கன்றுகளை வைத்துப் பார்த்தேன். பட்டை பாதிக்கு மேல் கோட்டை விட்டது. அந்தக் கன்றுகள் தோட்டங்களுக்குப் போயிருந்தால் விவசாயிகள் கதி என்ன ஆகியிருக்கும்! அக்காவிடம் போய்ச் சொன்னேன். மீன்குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பிறகு அக்காவுக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது. அதற்குச் சிகிச்சை முடிந்து, முதல் ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்த நாளில், நான் ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, டாக்டரிடம் ஸ்கேனும் கேட்டிருப்பதாகச் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. "இதையாவது அப்படியே நம்பக் கூடாதாக்கா?" என்று அழுதுவிட்டேன். அவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். ஸ்கேனில் ஈரல் வரை பரவியிருந்தது தெரிந்தது. அந்த ரத்தப் பரிசோதனையை நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"அதைத் திட்டாதடி. அது பொய் சொல்லல. அதுக்கு அவ்வளவுதான் பார்க்கத் தெரியும்" என்றார், தனக்கு நேர்ந்ததைப் பற்றி அல்லாமல் யாரோ சின்னப் பிள்ளைக்குப் பரிந்து பேசுகிறவர் போல.

அவர் வீட்டுக்குப் பின்னால், சமையலறைத் தண்ணீர் போகும் இடத்தில் ஒரு வாழை நிற்கிறது. பெரிய சோதனையில் சுத்தம் என்று உறுதியானது. என் ஆய்வுக்கூடத்துக்கு நோயில்லாத இலை அங்கிருந்துதான் போகும். அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து, புதுப் பட்டைகள் வந்திருந்தன. சாமுவேல் அண்ணா தானே இலை நறுக்கிக் கொடுத்தார். கவர் மேல், அக்காவின் வழக்கப்படி, விவசாயி பெயர்போல ஒரு பொய்ப்பெயர் எழுத வேண்டும். 'எஸ்தர், இரும்புலியூர்' என்று எழுதி, மற்ற கவர்களோடு கலந்து உள்ளே அனுப்பினேன்.

கார்த்தி எங்களிடம் புதிதாகச் சேர்ந்தவர். அக்காவைப் பார்த்ததே இல்லை. மத்தியானம் முடிவுகளோடு வந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அப்புறம் மேடம், இரும்புலியூர் எஸ்தர். அவங்க நல்லா இருக்காங்க. ஒரு பிரச்சனையும் இல்ல."

அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு கேள்விதான். என் மேசைக்கு வரும் எந்த முடிவையும் அதைக் கேட்காமல் நான் உள்ளே விடுவதில்லை. அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. ஆமென் என்று சொன்னேன். கார்த்தி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.