பச்சை இருந்தது, சிவப்பைக் காணவில்லை

ஜெர்மனியின் ஹம் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், கார்த்திகை மாதத்து ஒரு பிற்பகல், ஸ்கொட்லாந்துக்காரரைக் காணவில்லை. தேநீர் கொண்டுபோனபோது கட்டில் வெறுமையாக இருந்தது. குளியலறையில் இல்லை, தோட்டத்திலும் இல்லை. வெளியே மழை தூறியது. பொழுது இருட்டிக்கொண்டு வந்தது. இல்லத்துக்குப் பின்னால் கொஞ்சம் நடந்தால் கால்வாய்.

இளம் வயதில் பிரித்தானிய இராணுவத்தோடு இங்கே வந்து, ஜெர்மன் பெண்ணொருத்தியை மணந்து, இங்கேயே தங்கிவிட்டவர் அவர். மனைவி இறந்துவிட்டார். மறதி நோய் முற்றியபின் நாளும் தெரியாது, ஊரும் தெரியாது. சில காலைகளில் என் முகம்கூடத் தெரியாது. ஆனால் அலமாரியில் தொங்கும் இரண்டு கில்ட்டுகளைப் பற்றி மட்டும் தடுமாறாமல் பேசுவார். கில்ட் என்பது அவர்களுடைய ஊரில் ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், மடிப்பு வைத்த கம்பளி உடுப்பு. ஒன்று கரும்பச்சை. நீலமும் கறுப்பும் அதில் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டையாக ஓடும். நடுவே நூல்போல் ஒரு மஞ்சள் கோடு. மற்றது சிவப்பு. பச்சைப் பட்டை அதன் சிவப்பைக் கடக்கும் இடமெல்லாம் மண்ணிறமாகத் தெரியும்; பக்கத்திலே இரட்டை வெள்ளைக் கோடு. இந்தக் கட்டங்களுக்கு டார்டன் என்று பெயர், குடும்பத்துக்குக் குடும்பம் கோடுகள் மாறும் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். “பச்சை அன்றாடத்துக்கு. சிவப்பு என் கல்யாணத்துக்கு” என்று கோடுகளை விரலால் தடவிக் காட்டுவார்.

மேற்பார்வையாளர் பொலிசுக்கு அறிவித்துவிட்டு, ரயில் நிலையத்தில் தேடச் சொல்லி ஒருவரை அனுப்பினார். என்ன உடுத்திருக்கிறார் என்று பொலிசார் கேட்டதால் நான் அலமாரியைத் திறந்தேன்.

“அக்கா, பச்சை கிடக்கு. சிவப்பைக் காணேல்லை!”

என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா ஓடிவந்தார். “அதுக்கென்ன பிள்ளை இப்ப?”

“அது அவற்ர கலியாண உடுப்பு அக்கா. மனுசன் கலியாணத்துக்கு வெளிக்கிட்டிட்டார். அங்கை பாருங்கோ, அந்த சேர்ச்சுக்குத்தான் போயிருப்பார்.”

சுவரில் அவருடைய திருமணப் படம் மாட்டியிருந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கத்தில் உள்ள சிறிய தேவாலயத்தின் வாசலில் எடுத்தது. அந்தத் தேவாலயத்தை மூடிப் பல வருடங்களாகிவிட்டன.

“பாலத்தாலையெல்லே போகவேணும். இந்த மழையுக்கை அவரால ஏலாது.” அக்கா என்னை வாசல் பக்கம் தள்ளினார். “நீ கெதியாப் போ. நான் இவையளுக்குச் சொல்லுறன்.”

யாருடையதோ ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். பாலத்தடியில், தண்ணீரை ஒட்டிய நடைபாதையில், ஒற்றைக் கறுப்புச் சப்பாத்து கிடந்தது. அவருடையதுதான். காலையில் நான்தான் துடைத்து வைத்தேன். தண்ணீர் ஓரமாக நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கறுத்த தண்ணீரில் மழைத்துளிகளைத் தவிர ஒன்றும் அசையவில்லை. அங்கேயே நின்று பார்ப்பதா, போவதா? சப்பாத்தைக் கூடையில் போட்டுக்கொண்டு பாலத்தில் ஏறினேன்.

தேவாலயத்தின் படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் வெறுங்கால். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சிவப்புக் கில்ட்டுக்குக் கீழே முழங்கால்கள் நீலம் பாரித்திருந்தன.

“வாருங்கள், போவோம்” என்று ஜெர்மனில் சொல்லி அவர் கையைப் பிடித்தேன். உதறித் தள்ளினார்.

“அவர்கள் இன்னும் வரவில்லை. நீ உள்ளே போய் இரு.”

மணமகள் வீட்டாரைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் எழும்பமாட்டார், தூக்க எனக்குப் பலம் போதாது. அம்புலன்ஸுக்கு அழைத்துவிட்டு, என் ஜாக்கெட்டைக் கழற்றி அவரைப் போர்த்திப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் பற்கள் அடிக்க நடுங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று நடுங்குவதை நிறுத்தினார். தலை என் தோளில் சரிந்தது. குளிரில் விறைத்தவர் நடுங்காமல் போனால் நிலைமை மோசம், தூங்க விடக்கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள்.

அவருடைய விரலைப் பிடித்துக் கில்ட்டின் மேல் வைத்தேன். “இது என்ன நிறம்?”

“சிவப்பு.”

“அடுத்தது?”

“பச்சை.” கொஞ்சம் பொறுத்து, “மறுபடி சிவப்பு.”

“பிறகு? நித்திரை கொள்ளாதீர்கள். பிறகு என்ன?”

பதில் இல்லை. கன்னத்தில் தட்டினேன். சத்தமாகக் கேட்டேன். “வெள்ளை” என்பதுபோல் உதடு அசைந்தது. தெருமுனையில் அம்புலன்ஸின் நீல விளக்கு தெரியும்வரை ஒரே கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவிலே எப்போது தமிழுக்கு மாறினேன் என்று எனக்கே தெரியாது.

பிழைத்துக்கொண்டார். மறுநாள் ஹம்பர்க்கிலிருந்து வந்த மகளை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சந்தித்தேன். சிவப்புக் கில்ட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தோம், அவர்களுடைய குடும்பத்துக் கோடுதான் அவரைக் காப்பாற்றியது என்றேன்.

“அது எங்கள் குடும்பத்துடையதே இல்லை” என்றார் அவர். “எங்களுடையது பச்சை. கரும்பச்சை பட்டாளத்து உடுப்பு மாதிரி இருக்கிறது என்று அம்மா சொன்னாராம். அதனால் கல்யாணத்துக்கு அப்பா வேறொரு குடும்பத்தின் சிவப்பை வாங்கிக் கட்டினார். சொந்தக் குடும்பத்துக் கோடுகளை விட்டவனுடைய கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று ஸ்கொட்லாந்திலிருந்து தாத்தா எழுதிவிட்டார். அது ஒரு சாக்கு. யுத்தத்தில் ஜெர்மன்காரரோடு சண்டை போட்டவர் அவர். ஜெர்மன் மருமகள் வேண்டாம் என்பதுதான் விஷயம். அங்கிருந்து ஒருவரும் வரவில்லை.”

படியில் அப்பா என்ன சொன்னார் என்று மகள் கேட்டார். அவர்கள் இன்னும் வரவில்லை என்றார், அது மட்டும்தான் என்றேன். அவர் யன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கில்ட்டை ஹம்பர்க்குக் கொண்டுபோகப் போவதாகத்தான் முதலில் சொன்னார். பிறகு தானே அதைக் கழுவிக் காயவைத்துப் பழைய இடத்திலேயே தொங்கவிட்டார். தகப்பன் திரும்பி வந்தபோது இல்லத்தின் வெளிக்கதவில், யாராவது திறந்தால் அடிக்கும்படி, புதிதாக ஒரு மணி பொருத்தியிருந்தார்கள். அந்த நாளைப் பற்றி அவருக்கு எதுவும் ஞாபகமில்லை. எனக்குத்தான், அந்த மணி எப்போது அடித்தாலும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடவேண்டியிருக்கிறது.