மாரியாயிக்குப் போர்த்திய பொன்னாடை

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் நான் எழுதப்போகும் பெண்ணின் உண்மைப் பெயர் மாரியாயி இல்லை. அவள் இருந்த தோட்டம் கோல சிலாங்கூர் பக்கம் என்பதற்கு மேல் சொல்லவும் மாட்டேன். பேனா பிடிப்பவனுக்கு இந்த அளவு புத்தியாவது வேண்டும். மைக் பிடிப்பவருக்கு வேண்டாமா? கோபமாகத்தான் எழுதுகிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பு கோல சிலாங்கூர் டவுனில் ஒரு மீட்டிங். மனித உரிமை விளக்கக் கூட்டம். பேசியவர் நம் வட்டாரத்தில் தோட்டம் தோட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஓர் அரசியல்வாதி. எல்லாரும் தலைவர் என்கிறார்கள், அவருக்கும் அது பிடித்திருக்கிறது. நானும் அப்படியே சொல்கிறேன்.

நன்றாகப் பேசினார். மறைப்பானேன், நானும் கை தட்டினேன். கூட்டம் சூடு பிடித்ததும் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மேடை ஓரத்துக்கு வந்தார்.

"இந்தக் கூட்டத்திலே ஒரு வீரத்தாய் அமர்ந்திருக்கிறார்..."

அவள் பெயரைச் சொன்னார். தோட்டத்தின் பெயரைச் சொன்னார். களைக்கு மருந்தடித்து அவள் விரல் நகங்கள் கழன்று விழுந்ததைச் சொன்னார். மேடைக்கு வாருங்கள் அம்மா என்று கையை நீட்டினார்.

என் கைதட்டல் பாதியிலேயே நின்றது. ஏன் தெரியுமா?

அதற்கு முந்திய வாரம் நான் அந்தத் தோட்டத்தில்தான் இருந்தேன். மாரியாயி என் அண்ணிக்கு அக்காள். கோயில் பூஜைக்கு வந்த தலைவர், யாருக்கு என்ன குறை, தைரியமாகச் சொல்லுங்கள் என்றார். வேலை வாங்கும் மண்டோர் பக்கத்திலேயே நிற்கிறார்... யார் வாயைத் திறப்பார்கள்? பூஜை முடிந்து தலைவர் காருக்குப் போனபோது மாரியாயி என்னையும் இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"ஐயா, மருந்த வெறுங்கையிலதான் கலக்குறோம். நகமெல்லாம் கழண்டு விழுந்துருச்சு. மூக்குல ரத்தம் வருது. கைக்கு உறை குடுக்கச் சொல்லுங்க. சோறு திங்கிறதுக்கு முந்தி கை கழுவ நல்ல தண்ணி வைக்கச் சொல்லுங்க. அது போதும். ஆனா எம் பேரு மட்டும் வெளிய வந்துரக் கூடாதுங்க. வேலை போனா தோட்டத்துல குடுத்த லயத்து வீடும் போயிரும். எங்க வீட்டுக்காரரும் இப்ப இல்ல. ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்?"

"என் வாயிலேருந்து வராதும்மா. நீங்க பயப்படாம போங்க," என்றார் தலைவர்.

அந்த வாயிலிருந்துதான் இப்போது, ஒலிபெருக்கியில், டவுனுக்கே கேட்கும்படி வந்துகொண்டிருந்தது.

மாரியாயி எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் விடுவார்களா? போ போ என்று தள்ளிவிட்டார்கள். மேடையில் பொன்னாடை போர்த்தினார் தலைவர். போட்டோ எடுத்தார்கள். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. மூன்றாவது வரிசையில் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி உட்கார்ந்திருந்தார். அவரும் நன்றாகக் கை தட்டினார்.

தலைவர் கெட்ட எண்ணத்தில் செய்தாரா? இல்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிகிறது. நம் ஆட்களுக்கு யாருக்காவது பொன்னாடை போர்த்தாமல் ஒரு கூட்டத்தை முடிக்கத் தெரியாது. வந்தவருக்கு, வர முடியாமல் போனவரின் தம்பிக்கு, நாற்காலி கொடுத்தவருக்கு... மேடை ஏறிவிட்டால் கை தானாகத் துணியைத் தேடுகிறது. போர்த்தியவருக்கும் போட்டோவில் இடம் உண்டு அல்லவா?

திங்கட்கிழமை விடியற்காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லாரும் வரிசையில் நின்றார்கள். மண்டோர் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்தார். மாரியாயி பெயர் வரவில்லை. கேட்டதற்கு ஆபீசுக்குப் போகச் சொன்னார். அங்கே கிராணி தலையைத் தூக்காமலே பேசினார்.

"மானேஜர் சொல்லிட்டாரு, வேலைக்கு ஆள் போதும். வீட்டையும் மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிரு. உனக்கென்ன, தலைவர் இருக்காரு, அவருகிட்ட போ லா."

மானேஜர் செய்தது அக்கிரமம். ஆனால் அவர் அதைச் செய்வார் என்பது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். உரிமை பேச வந்தவருக்கு மட்டும் தெரியவில்லை.

மறுநாளே நானும் மாரியாயியும் தலைவரைப் பார்க்கப் போனோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்... சத்தியமாகச் சொல்கிறேன், வெளிச்சம்.

"இது அப்பட்டமான உரிமை மீறல். விடக் கூடாது. ஈஜோக்ல அடுத்த மீட்டிங் வருது. புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு மேடைக்கு வாங்கம்மா."

"வீடு போச்சுங்க," என்றாள் மாரியாயி.

"அதைத்தாம்மா மேடையில சொல்லணும்."

நான் ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள். மாரியாயிதான் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

"விடு தம்பி. அவருக்கு மீட்டிங் இருக்கு. எனக்கு வீடு பாக்கணும்."

இப்போது பாசிர் பெனம்பாங்கில் ஓர் ஒற்றை அறையில் பிள்ளைகளோடு இருக்கிறாள். மீன் தரம் பிரிக்கும் வேலை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இன்னும் கிடைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மிச்சச் சாமான்களை எடுக்க நான் தோட்டத்துக்குப் போயிருந்தேன். தலைவரும் வந்தார். இந்த முறை லயத்துக்கே வந்து, மருந்தடிக்கும் பெண்களை நிற்கவைத்துக் கேட்டார். கையுறை வந்ததா? இல்லை. கை கழுவத் தண்ணீர்? அதுவும் இல்லை. எனக்கே தெரியும். ஆனால் அந்தப் பெண்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் சொன்னார்கள்.

"ஒரு குறையும் இல்லீங்க. நல்லா இருக்கோம்."

அன்று சாயங்காலம் ஈஜோக்கில் தலைவர் முழங்கினாராம். நம் போராட்டத்தின் பலன், அந்தத் தோட்டத்தில் இன்று குறை என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது என்று. பலத்த கைதட்டலாம்.

இனிமேலும் அங்கே ஒரு குறையும் கேட்காது, தலைவரே. அந்தப் பெருமை முழுவதும் உங்களுக்கே.