கயிற்று மணியும் மகளின் தீவும்

என் மகள் ஜப்பானில் ஓர் எரிமலைத் தீவில், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே நிலம் ஆடுவது இங்கே கரண்ட் போவது மாதிரி. யாரும் அதை மெனக்கெட்டுப் பேசுவதில்லை. மலை புகைந்தால் வாசலெல்லாம் சாம்பல் விழும், அதைக் கூட்டி அள்ளிப் போடத் தனிப் பையே கொடுக்கிறார்களாம். இதையெல்லாம் கேட்டால் எந்தத் தாய்க்குத்தான் தூக்கம் வரும்? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவளைப் போனில் பிடித்து, "அந்த ஊரு வேண்டாம்டி, வந்துரு. நம்ம ரங்கூன்ல மண்ணு தன் பாட்டுக்குச் சும்மா கெடக்கு" என்று அவள் உயிரை எடுத்தேன். யாங்கோனை எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன் என்றுதான் சொல்கிறோம். கடைசியில் அவளும் இறங்கி வந்தாள். ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் ஊர் திரும்புவதாகச் சொன்னாள். நான் தாமுவே சந்தைக்குப் போய் அவளுக்கு, இங்கே பெண்கள் இடுப்பில் கட்டும் லொங்கி கூடப் புதிதாக எடுத்து வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் ரங்கூன் ஆடியது.

எங்கள் வீடு ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இந்த ஊரில் மாடிவீட்டுப் பால்கனிகளிலிருந்து தெருவரை கயிறு தொங்கும். கீழ்முனையில் ஒரு பை, மேல்முனையில் ஒரு மணி. கீழே நிற்பவர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். கீரையோ பேப்பரோ பையில் போடுவார், நாம் மேலே இழுத்துக்கொள்வோம். அன்று பகல் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. விடாமல் அடித்தது. கீரைக்காரர் இப்படி அவசரப்படுகிற மனிதர் இல்லையே என்று எனக்குக் கோபம். ஓடிப் போய்ப் பால்கனிக் கம்பியில் வயிறு பதியக் குனிந்து, "வர்றேன்யா, கயித்த விடு!" என்று பர்மிய மொழியில் கத்தினேன்.

கயிற்றுப் பக்கத்தில் ஆளே இல்லை. எதிர்வீட்டு மணி அடித்தது, பக்கத்து வீட்டு மணி அடித்தது, தெரு முழுக்க மணி. கீரைக்காரர் நடுத்தெருவில் தலையில் கை வைத்துக் குந்தியிருந்தார். எனக்கு அப்போதும் மண்டையில் ஏறவில்லை. கடமையாகக் கயிற்றை மேலே இழுத்தேன். பை காலியாக வந்தது. அதற்குள்ளும் கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன், அவ்வளவு புத்திசாலி நான்.

ஐந்தாம் மாடிப் பர்மியப் பெண் படியில் ஓடியபடி, "அமா, ஙலியின்! ஙலியின்!" என்று அலறினாள். அக்கா, நிலநடுக்கம் என்கிறாள். பிறந்ததிலிருந்து காதில் விழுந்த மொழிதான், ஆனாலும் அந்தச் சொல் உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு எப்படி ஆறு மாடி இறங்கினேன் என்று கேட்டால் தெரியாது. தெருவில் நிற்கும்போது கையில் கரண்டி இருந்தது.

சாயங்காலம்தான் லைன் கிடைத்தது. மகள் எடுத்த எடுப்பில், "மேசைக்கு அடியில போனியா?" என்றாள். "போனேன்" என்று புளுகினேன். என் வீட்டுக்காரர் போனை வாங்கி, "உங்கம்மா பால்கனியில சாஞ்சு கீரை வாங்கிட்டு இருந்தா" என்று போட்டுக் கொடுத்தார். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தோம். சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் பிடிபடவில்லை. உட்கார்ந்தால் நாற்காலி நகர்வது போலிருக்கும், தண்ணீர்க் குவளையைப் பார்த்தால் அது அசையாமல் நிற்கும். மணி அடித்தால் நாங்கள் இருவரும் மேசைக்கு அடியில் புகுந்து முட்டிக்கொள்வோம், கீழே தண்ணீர்க்காரர் வெயிலில் காத்து நிற்பார். ஒருநாள் நிஜமாகவே லேசாக ஆடி மணி அடித்தது. ரொட்டிக்காரர்தான் என்று நினைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு நடுவில் மகள் கேட்டாள்: "ஆபீஸ்ல மாசக் கடைசிக்குள்ள பதில் கேக்குறாங்க. இப்ப என்னம்மா சொல்றே? வரவா, இருக்கவா? நீ சொல்றதுதான்."

வா, வா என்று நச்சரித்தவள், யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அங்கே வீடுகளை ஆட்டம் தாங்கும்படி கட்டியிருக்கிறார்கள். இங்கே எங்கள் கட்டடத்துத் தூணில் ஒரு விரிசல், அதன் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். ஆனால் அங்கே மலை அல்லவா புகைகிறது! காலையில் வரச் சொல்லலாம் என்று தோன்றும், மத்தியானம் வேண்டாம் என்று தோன்றும். "ரெண்டு பக்கமும் மண்ணு ஆடுது, நீ வேற ஆடாதே" என்றார் வீட்டுக்காரர். அவரிடம் யோசனை கேட்டால் மட்டும் பேப்பரை விரித்துக்கொள்வார்.

கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். அங்கேயே இரு என்று சொல்லிவிடுவது. பிள்ளை பத்திரமாக இருந்தால் போதும், பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் போட்டேன். நலம் விசாரித்து முடிப்பதற்குள் போனில் நிலநடுக்க எச்சரிக்கைச் சங்கு அலறியது. நான் மேசைக் காலைப் பிடித்துவிட்டேன்.

"இது என் பக்கம்மா, நீ உக்காரு. இரு, வந்துர்றேன்" என்று போனை எங்கோ வைத்துவிட்டுப் போனாள்.

காதை எடுக்காமல் இருந்தேன். பாத்திரங்கள் கிலுகிலுத்தன. யாரோ வயதானவர் கூப்பிட்டார், இன்னொருவர் முனகினார். மகள் தணிந்த குரலில், ஜப்பானிய மொழியில், ஒரே வார்த்தையை ஒவ்வொரு இடமாகப் போய்ச் சொல்வது கேட்டது. என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது. இவள் சின்னதில் இடி இடித்தால் என் சேலைக்குள் புகுந்துகொள்கிறவள்.

கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "முடிஞ்சுது. எட்டுப் பேரு. ஆளுக்கு ஒரு தடவை கையைப் புடிச்சுட்டு வந்தேன். நீ என்னமோ சொல்ல வந்தியே?"

"உன் கையை யாருடி புடிப்பா?" என்றேன். சொல்ல வந்தது அது இல்லை.

"நான் டியூட்டியில இருக்கேன்ல, என்னை யாரு..." என்று சிரிக்கப் பார்த்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். அதன் பிறகு மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

எந்தக் கட்டடம் நிற்கும், எது விழும் என்று எனக்கு இப்போதும் தெரியாது.

"வந்துரு" என்றேன்.