காட்டுப் படம் மாட்டிய சாயங்காலம்

எங்கள் வீட்டுச் சுவரில் ஆணி அடித்தால் அதில் சாமி தொங்கும், இல்லையென்றால் செத்தவர்கள் தொங்குவார்கள். மூன்றாவதாக ஒன்றை மாட்டியவள் நான். கோயமுத்தூரில் ஓர் ஓவியக் கண்காட்சியில் வாங்கி, காரமடை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த காட்டு ஓவியம். மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனதும் கல்லூரி முடித்ததும் நான்தான் முதல். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு படத்துக்குக் குங்குமம் வைக்கப் போனாள். தடுத்தேன்.

"இதுல சாமி எங்க கண்ணு?"

"சாமியில்லீங்கம்மா. காடு."

"காட்டத்தான் கதவத் தெறந்தாப் பாக்கறமே. அத எதுக்கு ஊட்டுக்குள்ள கூட்டியாந்தே?"

அவளுக்குக் காட்டினேன். இலைகளுக்குள் புகுந்து ஈரமண்ணில் விழும் வெளிச்சம், மூங்கில் கணுக்களில் படிந்த சாம்பல் பூச்சு, புல்லுக்கு நடுவே வளையும் தடம். தூரிகை பட்ட இடமே தெரியாது. கண்காட்சியில் அந்தத் தடம் என்னை உள்ளே அழைத்துப்போவதுபோல் இருந்தது. வீட்டில், வெயில் இறங்கும் நேரத்தில், மறுபடி பார்த்தேன். புற்களெல்லாம் எங்கள் பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஓரத்து மூங்கில் ஆள் உயரத்துக்கு மேலே முறிந்திருந்தது. முறிந்த இடம் இன்னும் வெளுப்பாக இருந்தது. அந்தத் தடத்தில் யாரும் உள்ளே போகவில்லை. எதுவோ வெளியே வந்திருக்கிறது.

அப்பா டார்ச்சையும் வெடிப் பையையும் எடுத்துக்கொண்டு வாழைத் தோட்டத்துக் காவலுக்குக் கிளம்பினார்.

"இன்னைக்கு ஒரு நாள் போகாதீங்கப்பா."

"படத்துல இருக்கறது எறங்கியா வரப்போகுது அம்மணி? காலேஜு படிச்ச புள்ள, இப்படிப் பயந்தா?" சிரித்தார். "குலை தள்ளி நிக்குது. வாரேன்."

இருட்டுக் கட்டியதும் தோட்டத்தில் ஒரு வெடி கேட்டது. யானை வந்தால் ஒன்று, அது காட்டுக்குத் திரும்பிவிட்டால் இன்னொன்று. அடிவாரத்தில் எல்லாத் தோட்டத்திலும் அதுதான் வழக்கம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் நின்றாள். இரண்டாவது வெடி வரவில்லை. நாய்கள் கொஞ்ச நேரம் குரைத்தன. பிறகு எல்லாம் ஒன்றாக அடங்கின.

ஃபோன் அடித்தது. அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"லைட்ட அணைச்சுப்போட்டு உள்ளயே இருங்க. அது ஊட்டுப் பக்கம் எறங்கிருச்சு."

"நீங்க எங்க இருக்கறீங்கப்பா?"

"அதும் பின்னாலதான் வந்துட்டிருக்கறேன்."

விளக்கை அணைத்தேன். சமையலறைச் சுவருக்கு அப்பால் தென்னை மட்டை கிழிபடும் சத்தம். அதற்கும் பின்னால், ஜன்னல் வழியே, அப்பாவின் டார்ச் ஒரு தடவை மின்னி அணைந்தது. கூப்பிட வாயெடுத்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.