பாடிய வரிசைப்படி

அப்பா வேலை பார்த்த ரிக் லாரியில் ஒரு வழக்கம் இருந்தது. லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்புகிறவர் யாரானாலும் கையில் ஒரு கேசட்டாவது இல்லாமல் வரக்கூடாது. முறுக்கு, ஊறுகாய் எல்லாம் அதற்கு அப்புறம்தான். மகாராஷ்டிரத்தில் ஏதோ ஒரு பொட்டல் காட்டில், பாஷை தெரியாத இடத்தில், பதினைந்து பேர் மாதக்கணக்கில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பார்கள். குழாய் ஏற்றிவரும் லாரியின் முன்பக்கத்தில் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. ஊரோடு அவர்களுக்கு இருந்த உறவு அதுதான்.

கடிதமும் உண்டு. ஆனால் அதைக் கடிதம் என்று சொல்வதற்கில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அப்பாவுக்கும் கையெழுத்தோடு சரி. அம்மா சொல்ல நான் எழுதுவேன். ரிக் ஆபீசில் கொடுத்தால் அங்கே போய்ச் சேரும். அங்கே மேனேஜர் என்று ஒருவர், சாப்பாட்டு நேரத்தில் எல்லாருடைய கடிதத்தையும் உரக்கப் படித்துக் காட்டுவார். எழுதுவது பத்து வயதுப் பெண், கேட்பது பதினைந்து ஆண்கள். நடுவில் அம்மா என்னத்தைச் சொல்லிவிட முடியும்? "இங்கு அனைவரும் நலம். அங்கு உங்கள் நலமறிய ஆவல். பாப்பா வகுப்பில் முதலாவதாக இருக்கிறாள்." மூன்றாவது வாக்கியம் அம்மா சொல்லாமலே நானாகச் சேர்ப்பது.

திருச்செங்கோட்டில் எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர்தான். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடும். அது நின்றால்தான் எங்கள் வீட்டில் பேச்சே இல்லை என்பது தெரியும். அம்மா அதிகம் பேசமாட்டாள். நான் பள்ளிக்கூடத்துக் கதையையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, அலமாரிக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் ஒரு தடவை சொல்வேன். கண்ணாடியில் தெரிந்த பெண் அம்மாவைவிட நன்றாகத் தலையாட்டினாள்.

அம்மா வாய் திறப்பது ரேடியோவோடு சேர்ந்து பாடும்போதுதான். அதுவும் ஒரே ஒரு பாடகியின் பாட்டுக்கு மட்டும். அந்தப் பாடகி முதல் பாட்டுப் பாடிய வருஷம் அம்மா வயசுக்கு வந்த வருஷமாம். எந்தப் பாட்டு வந்தபோது யாருக்குக் கல்யாணம், எந்தப் பாட்டு வந்தபோது கிணறு வற்றியது என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம். எங்கள் குடும்பத்துக்குத் தனியாக ஒரு பாட்டும் உண்டு. நான் வயிற்றில் இருக்கும் சேதியை அம்மா வாய்விட்டுச் சொல்லவில்லையாம். அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, அப்போது புதிதாக வந்திருந்த அந்தப் பாடகியின் தாலாட்டை அடுப்படியிலிருந்து முணுமுணுத்தாளாம். நாலு வாய் உள்ளே போன பிறகுதான் அப்பாவுக்கு விளங்கியதாம். இதை அப்பா எத்தனையோ முறை சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். கதாநாயகி நான் என்பதால் எனக்கும் கேட்டு அலுக்காது.

அந்த வருஷம் அப்பா தீபாவளிக்கு மறுநாள் கிளம்பிப் போனார். மாசி மாதத்தில் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. காய்ச்சல் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு நாள் நான் பெரியம்மா வீட்டில் தறிச் சத்தத்துக்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன். அம்மா திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. பெரியம்மாதான் அடுத்த பத்து நாளும் சோறாக்கி எனக்கு ஜடை பின்னிவிட்டாள். எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் அம்மா ரேடியோவோடு சேர்ந்து பாடவில்லை. சோகப் பாட்டு வந்தால் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவாள். குழம்பு அடிப்பிடிக்கும். அந்த மாதிரிப் பாட்டுகளின் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

பங்குனியில், ரிக்கிலிருந்து லீவில் வந்த ஒருவர் திரும்பப் போகிறார் என்று தெரிந்தது. அம்மா என்னை ஒரு தாளை எடுக்கச் சொன்னாள். அந்தப் பாடகியின் முதல் பாட்டிலிருந்து நேற்று ரேடியோவில் கேட்ட பாட்டு வரை, இருபது பாட்டு, பாடிய வரிசைப்படி சொல்லப்போவதாகச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். நானும் எண் போட்டு எழுதினேன். பதினேழு வரைக்கும் தகராறு இல்லை. பதினெட்டாவதாக அந்தத் தாலாட்டைச் சொன்னாள்.

"அம்மா, இது பழைய பாட்டும்மா. நான் பொறக்கறதுக்கு முந்தி வந்தது. நாலாவதா வரோணும்" என்றேன்.

"அது அங்கதான் இருக்கோணும், சாமி. எழுது."

பத்தொன்பதாவது ஓர் ஒப்பாரி. இருபதாவது, தூரதேசம் போனவனை வாசலில் நின்று கூப்பிடுகிற பாட்டு. அதையும் அந்தப் பாடகி அழுதுகொண்டேதான் பாடியிருப்பாள். எழுதி முடித்ததும் அம்மா தாளை வாங்கிக் கடைசி மூன்று வரியையும் விரலால் தொட்டுத் தொட்டு, எது எது என்று மறுபடி கேட்டுக்கொண்டாள். "கடைக்காரரு இதைய மாத்தாமப் பாத்துக்கோ" என்று சொல்லி அனுப்பினாள்.

எனக்கு அந்தத் தாள் பிடிக்கவில்லை. முதல் குறை, வரிசை தப்பு. வகுப்பில் முதலாவதாக வருகிற பெண் எழுதிய தாளில் தப்பு இருக்கலாமா? இரண்டாவது குறை பெரியது. வைகாசியில் மலைக்கோயில் தேர் வருகிறது. அதற்கு அப்பா வரவேண்டும் என்பது தவிர அந்த வருஷம் எனக்கு வேறு வேண்டுதலே கிடையாது. அடிவாரத்தில் அர்த்தநாரீசுவரர் படத்துக்கு முன்னால் நின்று தினமும் கேட்டுக்கொண்டேன். கேசட்டின் கடைசியில் இப்படி இரண்டு அழுகைப் பாட்டை வைத்து அனுப்பினால் எந்த மனுஷனுக்கு வீட்டுக்கு வரத் தோன்றும்?

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ரிக்கார்டிங் கடையில் அண்ணன் ஒருவர் எந்நேரமும் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார். என் தாளைப் பார்த்துவிட்டு, "இந்தம்மா பாட்டா? கம்பெனி கேசட்டே வந்திருக்குது பாப்பா, மொதப் பாட்டுல இருந்து எல்லாமே இருக்குது" என்று கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். அட்டையில் அந்தப் பாடகி மல்லிகைப் பூவும் மூக்குத்தியுமாகக் கைகூப்பிக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னபடிதான் வேண்டும் என்றேன். ஆனாலும் உள்ளே மடித்து வைத்திருந்த சீட்டை விரித்துப் பார்த்தேன். எந்த வருஷம் எந்தப் பாட்டு என்று வரிசையாக அச்சிட்டிருந்தது. தாலாட்டு நாலாவது! அச்சில் இருப்பதற்கு மேல் சாட்சி எதற்கு?

ஸ்டூலில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தேன். தாலாட்டைக் கொண்டுபோய் நாலாவது இடத்தில் வைத்தேன். ஒப்பாரியையும் கூப்பிடுகிற பாட்டையும் அடித்துவிட்டு, கதாநாயகி தோழிகளோடு சைக்கிளில் போகிற பாட்டு ஒன்றும், தேர்த் திருவிழாப் பாட்டு ஒன்றும் போட்டேன். தேர்ப் பாட்டைக் கேட்டால் தேர் ஞாபகம் வராமல் போகுமா? என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

"அம்மா மாத்தச் சொன்னாங்களா கண்ணு?" என்று கேட்டார் அண்ணன்.

"ஆமாங்கண்ணா."

மறுநாள் சாயங்காலம் போனபோது கேசட் தயாராக இருந்தது. அதன் முதுகிலிருந்த இரண்டு சின்னப் பல்லையும் உடைத்துவிட்டு, இனி இதை யாரும் அழித்து வேறு பாட்டுப் பதிய முடியாது என்று சொல்லிக் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் டேப் ரிக்கார்டர் கிடையாது. அம்மா கேசட்டை முந்தானையால் துடைத்தாள். அட்டையில் எழுதியிருந்த பாட்டுகளை விரலால் ஒவ்வொரு வரியாக எண்ணிக்கொண்டே போய், பதினெட்டில் நிறுத்தி, "இதுதான தாலாட்டு?" என்றாள். நானும் ஆமாம் என்றேன். அதற்கு அடுத்த இரண்டு வரியையும் தொட்டுப் பார்த்துவிட்டு, அன்று ஏதோ முணுமுணுத்தபடி எனக்குத் தலை வாரிவிட்டாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் கை லேசாக இருந்தது.

சித்திரையில் அப்பாவின் கடிதம் வந்தது. மேனேஜரின் கையெழுத்து. நான்தான் படித்தேன். "கேசட் கிடைத்தது. பாட்டெல்லாம் அருமை, பையன்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார்கள். தாலாட்டு வந்தபோது பழைய கதையை எல்லாரிடமும் சொன்னேன், ஒரே சிரிப்பு. நீங்கள் இருவரும் சந்தோஷமாக இருப்பது கேட்கும்போதே தெரிகிறது. ஆகவே என் முறை லீவை, வீட்டில் பிரசவம் இருக்கிற ஒரு பையனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். தேருக்கு வரவில்லை. மழை விழுந்து வேலை நின்றதும் வருகிறேன்."

தேருக்கு வரவில்லை என்ற இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அழவில்லை. "சிரிச்சாங்களாமா? அதையப் படி, சாமி" என்றாள். படித்தேன். "இன்னொருக்காப் படி" என்றாள். அதற்குப் பிறகு எழுந்துபோய் மாவாட்ட உட்கார்ந்தாள். எத்தனை நேரம் ஆட்டினாள் என்று கணக்கில்லை. மாவு வழிந்து தரையில் ஓடியது.

அதிலிருந்து அந்தப் பாடகியின் குரல் வந்தாலே ரேடியோவை நிறுத்திவிடுவாள். வைகாசியில் தேர் பார்க்க வரமாட்டேன் என்றுவிட்டாள். பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு போனேன். கூட்டத்தில் எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன. தோளில் தூக்கி வைத்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைக்குத் தேர் என்பது ஒரு சத்தம், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தால் அம்மா விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். நானும் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே வருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி மாதத்தில் வந்தது காய்ச்சல் அல்ல என்பதைப் பெரியம்மா என்னிடம் சொன்னது, எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது. அப்பா கிளம்பிப் போன பிறகுதான் அம்மாவுக்கே தெரிந்ததாம். நேரில் வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறாள். நாலாம் மாதத்தில் கலைந்துபோனது. தந்தி கொடுக்கலாம் என்று பெரியம்மா சொன்னதற்கு, அங்கே குழாய் தூக்குகிற கை, பதறினால் என்ன ஆவது என்று தடுத்துவிட்டாளாம். கடிதத்திலும் எழுத முடியாது. எழுத நானும் படிக்க மேனேஜரும் இருந்தோமே! ஆகவேதான் தாலாட்டு, அதற்கு அடுத்து ஒப்பாரி, அதற்கு அடுத்து கூப்பிடுகிற பாட்டு. பதினேழு பாட்டைக் காவலுக்கு முன்னால் நிறுத்திவிட்டு அம்மா எழுதிய ஒரே கடிதம் அது. நான் அதைத் திருத்தினேன். பழைய இடத்துக்குப் போனதும் தாலாட்டு வெறும் பழைய பாட்டாகிவிட்டது. இப்போது நான் பள்ளிக்கூட ஆசிரியை. சிவப்பு மையால் பிள்ளைகளின் வரிசையைத் திருத்தும்போது சில நாள் கை நின்றுவிடுகிறது.

ஆனால் ஆடி மாதத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது.

ஆடியில் அப்பா வந்தார். வடக்கே மழை பிடித்துக்கொண்டது என்றார். எனக்குக் கவுனும், வீட்டுக்கு ஒரு டேப் ரிக்கார்டரும் கொண்டு வந்திருந்தார். அம்மா தண்ணீர் கொடுத்தாள், சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. மூன்று நாள் அப்படியே போயிற்று. அப்பா என்னிடம், "உங்கம்மாளுக்கு என்னாச்சு கண்ணு?" என்று கேட்டார். தேருக்கு வராத கோபம் என்று சொன்னேன்.

நாலாம் நாள் மத்தியானம், அம்மாவைச் சமாதானப்படுத்துகிறாராம், அந்தக் கேசட்டை எடுத்துப் போட்டார். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பாட்டைக் கேட்டதும் எழுந்து போய்விடப் பார்த்தாள். அப்பா, "இரு புள்ள, நீ அனுப்புனதுதான" என்று உட்கார வைத்தார். முதல் பாட்டு, இரண்டாவது, மூன்றாவது. நாலாவதாகத் தாலாட்டு வந்தது.

முறம் நின்றது. அம்மா டேப் ரிக்கார்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அவள் அசையாமல் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுவதும் கேட்டாள். அப்பா கேசட்டைத் திருப்பிப் போட்டார். பதினெட்டு ஆயிற்று. சைக்கிள் பாட்டு வந்தது. கடைசியில் மேளமும் தாளமுமாகத் தேர்ப் பாட்டு வந்தது. அடி விழப் போகிறது என்று முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ஆனால் அம்மாவின் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. மூன்று மாதமாகத் தலையில் சுமந்த எதையோ இறக்கி வைத்த முகம். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஒன்றும் தெரியாமல் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள, நீ சொன்னபடிதான எல்லாம் இருக்குது?" என்றார்.

"ஆமாங்க" என்றாள் அம்மா. "பாடுன வரிசைப்படிதானுங்க இருக்குது."

எனக்கு உயிர் வந்தது. "தாலாட்டு நாலாவதுதான்னு நான் அன்னைக்கே சொன்னனில்லம்மா" என்றேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "ஆமா சாமி, நீ சொன்னதுதான் சரி" என்று சொல்லி அழுதாள். கடைசியில் அம்மாவே தன் தப்பை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை.