மலைச் சைக்கிளில் கரமனையிலிருந்து விழிஞ்ஞத்துக்கு

மகன் வாங்கிப் போட்டுவிட்டு வெளிநாடு போன மின்சார மலைச் சைக்கிள் எட்டு மாதம் வராந்தாவில் கிடந்தது. எனக்கு அறுபத்தெட்டு வயது. விழிஞ்ஞத்தில் ஒரு ஒப்பந்தக்காரரின் ஸ்டோரில் வேலை. பஸ்ஸில் நின்றே போய் முட்டி தேய்ந்துவிட்டது. ஸ்கூட்டர் கூடாது என்று வீட்டில் என்னைக் கேட்காமலே தீர்மானித்துவிட்டார்கள். அதனால் சென்ற ஜூனில் இந்தச் சைக்கிளை ஆபீஸ் வண்டியாக்கினேன்.

மலைச் சைக்கிள் ஊர் ரோட்டில் ஆளைக் குனியவைத்துக் கையை மரத்துப்போகச் செய்யும். அதனால் மாற்றியவை: பின்னோக்கி வளைந்த உயரமான ஹேண்டில் 950 ரூபாய், அகல சீட் 700, வழுவழு டயர் இரண்டும் 2,800, மட்கார்டும் கேரியரும் 1,900. ஹேண்டிலை உயர்த்தினால் பிரேக் குழாய் எட்டாது. அதை மட்டும் மெக்கானிக் ஷிபு மாற்றினான். மற்றதெல்லாம் வீடியோ பார்த்து நானே செய்தது.

"சாரே, பிரேக்கில மட்டும் கை வைக்கண்டா, கேட்டோ," என்றான். நானாக அதை நோண்டக்கூடாதாம். அறுபது வருடமாகச் சைக்கிள் மிதிப்பவனிடம் பேசுகிற பேச்சா இது?

மனைவிக்கு ஒரே நிபந்தனை. "ஒருக்க விழுந்தீங்கன்னா அன்னைக்கே வண்டிய வித்துருவேன். பெறவு எங்கிட்ட வாயாடப்பிடாது."

ஞாயிறு சாயங்காலம், உப்புக்காற்றில் துருப்பிடிக்காமலிருக்க, வண்டி முழுவதையும் தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்தேன். எங்கள் வீட்டில் தையல் மெஷினுக்கும் கதவுக் கீலுக்கும் அதுதான்.

திங்கள் காலை 7.10க்குப் புறப்பட்டேன். மொத்தம் பதினான்கு கிலோமீட்டர். திருவல்லம் சிக்னலில் பிரேக் கீச்சிட்டது; கோட்டைத் தாண்டி நான்கடி போய்த்தான் வண்டி நின்றது. புதுசு, போகப்போகச் சரியாகும் என்று நினைத்தேன். கோவளம் வரை முதுகு நிமிர்ந்து, கை மரக்காமல், சுகமான சவாரி.

முக்கோலை தாண்டித் துறைமுகத்துக்கு இறங்கும் சரிவில் இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். வண்டி பிடிக்கவில்லை. கீழே ஒரு மீன் லாரி ரோட்டுக்குக் குறுக்காக ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. "மாறு! மாறு!" என்று எல்லோரையும் விலகச் சொல்லிக் கத்தினேன். மீன்கூடையோடு நின்ற ஒரு அம்மா ஒதுங்கிக்கொண்டே, "பிரேக்கில்லாத வண்டியிலயா யாத்திரை, அப்பூப்பா?" என்றாள். இடதுபுறம் கட்டட வேலைக்குக் கொட்டிய மணல் குவியல் தெரிந்தது. ஹேண்டிலை அங்கே திருப்பினேன். முன்சக்கரம் பாதிவரை புதைந்தது. நான் ஒரு காலை ஊன்றி நின்றேன்.

அங்கிருந்தே ஷிபுவுக்குப் போன் போட்டேன். "என்னடே பிரேக் வச்சிருக்க? கொல்லப் பார்த்தியா?"

"ஞான் ஓட்டிப் பார்த்திட்டல்லே தந்தது, சாரே!"

மணல் அள்ளிக்கொண்டிருந்த குளச்சல்காரர் சக்கரத்தின் நடுவிலிருந்த பிரேக் தட்டைத் தொட்டு மோந்தார். "பாட்டா, பிரேக்கத் தாளிச்சு வச்சிருக்கீரே! தேங்காயெண்ண மணக்குல்லா!"

போனில் ஷிபு சிரித்தது எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வண்டியை ஆட்டோவில் ஏற்றி அவனிடமே கொண்டுபோனேன். பிரேக் கட்டைகள் நான்கும் புதிது, 900 ரூபாய். தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தான்.

வண்டி மாற்றப்போகிறவர்களுக்கு: ஹேண்டிலும் சீட்டும் முதலில், டயர் பிறகு. பிரேக் தட்டில் எந்த எண்ணெயும் படக்கூடாது. முதல் கீச்சிலேயே இறங்கிப் பாருங்கள், நான் பார்க்கவில்லை.

மனைவியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். விழவில்லை, காலூன்றி நின்றேன் என்பதையும் இரண்டு தடவை சொன்னேன். மறுநாள் காலை எழுந்ததும் சாவி மாட்டும் ஆணியைத்தான் பார்த்தேன். வண்டிச் சாவி அங்கேயே தொங்கியது. எண்ணெய்ப் புட்டியைத்தான் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள்.