டெஸ்மண்டின் ரோஜாவும் பக்கத்து வீட்டுப் பாட்டிலும்

எங்கள் தெருவில் நரி நுழையாத தோட்டம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மேவிஸ் வீட்டுத் தோட்டம். மற்ற வீடுகளுக்கெல்லாம் நரி வரும், போகும். குப்பைப் பையைக் கிழிக்கும். பின்கதவுப் பக்கம் விட்ட செருப்பில் ஒன்றை மட்டும் தூக்கிப் போய் நாலு வீடு தள்ளிப் போட்டுவிடும். வெயில் அடித்தால் மேவிஸுக்குப் பக்கத்து வீட்டு ரோலண்டின் கொட்டகைக் கூரைமேல் சுருண்டு தூங்கும். இங்கிலாந்தில், எங்கள் பிரிஸ்டல் நகரில் இதற்கெல்லாம் யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. மேவிஸ் வீட்டுப் பக்கம் மட்டும் அது ஏன் போவதில்லை என்று நாங்கள் யோசித்ததும் இல்லை. அந்தப் புல்தரை அவ்வளவு ஒழுங்கு, நரிக்கே கால் வைக்கக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

அந்த ஒழுங்கு முழுக்க அவருடைய கணவர் டெஸ்மண்டின் வேலை. பேருந்துப் பணிமனையில் என்ஜின் பழுது பார்த்தவர், ஓய்வு பெற்றபின் புல்லைப் பழுது பார்த்தார். மேவிஸுக்குத் தோட்டம் தெரியாது. பள்ளிப்படிப்பு முடிந்ததும் சிகரெட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டப் போனவர். கல்யாணத்துக்குப் பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துப் போட்ட கை அது. வளர்ந்து தாடி வைத்த ஆண்கள் கடைத்தெருவில் அவரைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பயப்படுவார்கள்.

செப்டம்பரில் டெஸ்மண்டுக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் கேட்டது ஒன்றுதான்.

"என்னைத் தகனக்கூடத் தோட்டத்துல வரிசையில நிக்க வெச்சிடாதே, மேவ். நம்ம வீட்லயே, ஒரு ரோஜாவுக்கு அடியில சாம்பலைப் போட்டுடு."

மேவிஸ் சரி என்றார்.

தகனத்தின்போது சவப்பெட்டியை மறைக்கும் திரை பாதி வழியில் சிக்கி நின்றது. யாரோ வந்து இழுத்துவிட்டார்கள். அந்த நாளில் மேவிஸுக்கு நினைவில் நின்றது அது மட்டும்தான். அழவில்லை. டாக்டர் தூக்கம் எப்படி என்று கேட்டார், நன்றாக வருகிறது என்றார். சாப்பாடு? சாப்பிடுகிறேன் என்றார். இரண்டும் உண்மை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருக்கிறது என்று என் சமையலறையில் உட்கார்ந்து ஒருமுறை சொன்னார். மீதிக் கதையையும் அங்கேதான் சொன்னார், பேருந்து தாமதமாக வந்ததைச் சொல்கிற குரலில்.

நவம்பரில் ரோஜா வாங்கி வந்து, தன் தோட்டத்துக் கொட்டகைக்குப் பக்கத்தில் குழி வெட்டி, சாம்பலைக் கொட்டி நட்டார். ரோஜா நடும்போது டெஸ்மண்ட் எலும்புத்தூள் உரம் இரண்டு கை போடுவதைப் பார்த்திருக்கிறார். அவரும் போட்டார்.

மறுநாள் காலை செடி புல்தரையில் கிடந்தது. குழி திறந்திருந்தது. சாம்பல் கரடுமுரடான ஆற்றுமணல்போல நாலு பக்கமும் இறைந்திருந்தது. மேவிஸ் அதைக் கூட்டி அள்ளித் திரும்பக் குழியில் போட்டு மூடினார். அந்த வாரமே நரி மறுபடியும் தோண்டியது. நான் கொடுத்த மிளகாய்த்தூள் ஒரு மழையில் கரைந்து போனது. மேலே வைத்த செங்கல்லை அது பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு தோண்டியது.

ரெடிங் நகரில் இருக்கும் மகள் லிண்ட்சேயிடம் தொலைபேசியில் இதைச் சொன்னதுதான் தப்பாகப் போனது.

"அம்மா, அப்பாவைக் குப்பை அள்ற தட்டுல அள்ளிட்டிருக்கியா?"

"வேற எதுல அள்றது?"

"இதைக் கேக்கவே முடியலை. ஜனவரியில வரேன். அப்பவும் அது தோண்டிட்டிருந்தா, மிச்சத்தை எடுத்துட்டுப் போய்த் தகனக்கூடத்துலயே வெச்சிடறேன். அங்க ஒழுங்கா பேர் போட்டு ஒரு பலகையாவது இருக்கும்."

"அவரு வேண்டாம்னாரு."

"நரியும்தான் வேண்டாம்னிருப்பாரு."

மூன்றாவது முறை கூட்டிக்கொண்டிருந்தபோது வேலிக்கு மேல் ரோலண்டின் தலை தெரிந்தது. ரோலண்டும் டெஸ்மண்டும் பதினோரு வருஷமாகப் பேசவில்லை. ரோலண்டின் வேலிமரம் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து வெயிலை மறைத்தது. டெஸ்மண்ட் நகராட்சிக்கு எழுதிப் போட்டார். பிறகு ஒரு சனிக்கிழமை, ரோலண்ட் ஊரில் இல்லாதபோது, மொத்த வரிசையையும் இடுப்பளவுக்கு வெட்டிவிட்டார். அதிலிருந்து இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மரமாகப் பாவித்தார்கள்.

"என்ன மேவிஸ், சுண்ணாம்பு போடறீங்களா?" என்றார் ரோலண்ட்.

"இல்ல. டெஸ்மண்ட்."

ரோலண்ட் தொப்பியைக் கழற்றினார். கழற்றியதை என்ன செய்வதென்று தெரியாமல் வேலிமேல் வைத்தார்.

"எலும்புத்தூள் போட்டீங்களா?"

"ரெண்டு கை. அவரு போடுவாரே."

"அதான். அடியில ஏதோ செத்துக் கிடக்குன்னு நினைச்சுக்குது."

"கிடக்குதே," என்றார் மேவிஸ்.

ரோலண்ட் வேலிமேல் வைத்த தொப்பியை எடுத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"அவரு போட்டப்போ ஒருநாளும் வரலையே அது?" என்று மேவிஸ் கேட்டார்.

"அவரு தூளோட விடலையே. தினமும் சாயங்காலம், செய்தி முடிஞ்சதும் இங்க வருவாரில்ல?"

"கொட்டகைப் பூட்டைப் பாக்க வருவாரு."

"பூட்டையா?" ரோலண்ட் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க மாடி ஜன்னல்லேருந்து இந்த இடம் நல்லாத் தெரியும், மேவிஸ். பூட்டைப் பாக்கறவர் அப்படி நிக்க மாட்டாரு. செடியைச் சுத்திச் சுத்தி விடுவாரு. ஒரு சொட்டு வீணாகாது. ஆம்பளை வாடை இருந்தா நரி கிட்ட வராதுன்னு சொல்வாங்க."

மேவிஸ் யோசித்தார். "வீட்டுக்குள்ள ரெண்டு கழிப்பறை இருக்கு."

"அதை அவர்கிட்ட நான் எப்படிச் சொல்றது? நாங்கதான் பேசறதில்லையே."

மறுநாள் காலை மேவிஸ் ரோலண்ட் வீட்டு முன்கதவைத் தட்டினார். கையில் கழுவிய பெரிய பிளாஸ்டிக் பால் பாட்டில். இந்த ஊரில் பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கவே பெண்கள் மூன்று தடவை மன்னிப்புக் கேட்பார்கள். மேவிஸ் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கூச்சம் இருந்த இடமும் மரத்துப் போயிருந்தது.

"நேத்து சொன்னீங்களே, அது எனக்குக் கொஞ்சம் வேணும்."

ரோலண்ட் பாட்டிலைப் பார்த்தார். "அவரு மேலயா?"

"மேல வேண்டாம். சுத்தி."

"பதினோரு வருஷம் முன்னாடி கேட்டிருந்தா நான் காசு குடுத்துப் பண்ணியிருப்பேன்."

"தெரியும்."

"இப்ப என்னமோ சங்கடமா இருக்கு."

"நீங்க வர வேண்டாம். இதுல பிடிச்சு வெச்சாப் போதும்."

அன்றிலிருந்து காலையில் வேலிமேல் ஒரு காகிதப் பை இருக்கும், உள்ளே பாட்டில். மேவிஸ் அதைப் பழைய பூவாளியில் ஊற்றி, ரோஜாவைச் சுற்றி வட்டமாக விட்டுவிட்டு, பாட்டிலைக் கழுவி வேலிமேல் திரும்ப வைப்பார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒருமுறை ரோலண்ட் வேலிப்பக்கம் வந்தார்.

"டாக்டர் மாத்திரையை மாத்திட்டாரு. ரத்த அழுத்தத்துக்கு. அளவு கூடியிருக்கும், காரம் குறைஞ்சிருக்கும். பரவாயில்லையா?"

"பாக்கலாம்," என்றார் மேவிஸ்.

நரி வந்தது. வேலியோரம் நின்று மூக்கைத் தூக்கிப் பார்த்தது. பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வந்து என் பூண்டுப் பாத்தியைத் தோண்டியது. ரோலண்டின் உபயத்தாலா, எலும்புத்தூள் வாடை மழையில் போய்விட்டதாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லிண்ட்சே வந்தாள். தகனக்கூடத்தில் சாம்பல் போட்டுக் கொடுத்த பச்சை ஜாடியை அலமாரியிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபடியே தோட்டத்துக்குப் போனாள். மண் மூடியது மூடியபடி இருந்தது. ரோஜாத் தண்டில் கடுகளவு சிவப்பு இலைமொட்டுகள்.

"என்னம்மா நாத்தம்?"

"உரம்."

"அப்பா போடறதா?"

"ஆமா. அதே வகைதான்."

லிண்ட்சே குனிந்து மண்ணைத் தொட்டாள். தொட்ட கையை மோந்து பார்த்தாள். "சரி. இங்கேயே இருக்கட்டும்," என்றாள். கொஞ்சம் அழுதாள். மேவிஸ் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்க் கோழி வறுவல் சாப்பிட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே லிண்ட்சே கிளம்பிப் போனாள். ஜாடியை மேவிஸ் துணி துவைக்கும் சோப்புத்தூள் வைக்கக் கழுவிக் காயவைத்தார்.

மகள் வந்ததால் அன்று காலைப் பாட்டில் அப்படியே கழுவுதொட்டிக்கு அடியில் ஒளிந்திருந்தது. அதனால் செய்தி முடிந்தபிறகு மேவிஸ் பூவாளியோடு வெளியே போனார். டெஸ்மண்ட் போகிற நேரம். சமையலறை விளக்கை அணைக்காமல் போயிருந்தார்.

வட்டமாக ஊற்றி முடித்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தார். அந்த இடத்தில் நின்றால் கொட்டகை ஒரு பக்கத்தை மறைக்கிறது, வேலி மறு பக்கத்தை. மிஞ்சுவது அவருடைய சமையலறை ஜன்னல் மட்டும். குழாய், தட்டுகள், துடைக்கும் துணி எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. டெஸ்மண்ட் இங்கே நின்ற நேரத்தில் தினமும் மேவிஸ் பாத்திரம் கழுவிக்கொண்டு அந்த ஜன்னலில்தான் நின்றிருப்பார். உள்ளேயிருந்து பார்த்தால் கண்ணாடியில் தன் முகம்தான் தெரியும், வெளியே ஒன்றும் தெரியாது.

காலி பூவாளியோடு அங்கேயே நின்றார். குளிர் காலணிக்குள் ஏறும்வரை நின்றதாகச் சொன்னார்.

"அப்புறம்?" என்றேன்.

"அந்த ஜன்னல் ரொம்ப அழுக்கா இருந்துது," என்றார் மேவிஸ். "காலையில வெளிப்பக்கம் துடைச்சேன்."